எண்ணில் ஒரு சட்டம், தாளில் ஒரு விதி

வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனித் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீடு உண்டு. 2017-ல் அதன் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாயானது. அதற்கு மேல் வாங்கும் சூப்பர்வைசரும், சொந்தமாகச் சிறு வியாபாரம் செய்பவரும் தனியாக மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ் அல்லது உருது. கைக்கு வரும் பாலிசியோ பெரும்பாலும் ஆங்கிலம்.

பாலிசி படித்தால் புரிய வேண்டும் என்பதை அமெரிக்காவும் இந்தியாவும் வேறு வேறு வழியில் சட்டமாக்கின. அமெரிக்கக் காப்பீட்டு ஆணையர்களின் மாதிரிச் சட்டம் பாலிசியையே அளக்கிறது. வாசிப்பு எளிமையை அளக்க ருடால்ஃப் ஃபிளெஷ் வகுத்த சூத்திரத்தில் குறைந்தது 40 மதிப்பெண் வேண்டும். எழுத்து 10 புள்ளிக்குக் குறையக்கூடாது. மாநிலங்களில் ஃபுளோரிடா 45 கேட்கிறது, மாசசூசெட்ஸ் 50. வாக்கியம் நீண்டாலும், சொல்லில் அசை கூடினாலும் மதிப்பெண் குறையும்.

தமிழுக்கு இந்த அளவுகோல் ஒத்துவராது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற சொல்லில் பதினோரு அசை. பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும். ‘உப வரம்பு’ (ஒரு செலவுக்கு மட்டும் வைக்கும் தனி உச்சவரம்பு) என்பதில் ஐந்தே அசை, படித்தவரும் விழிப்பார்.

இந்திய வழி வேறு. 2024 ஜனவரி முதல் மருத்துவப் பாலிசியோடு புதுப்பிக்கப்பட்ட வாடிக்கையாளர் தகவல் தாளைத் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் விதி. எது கிடைக்கும், எது கிடைக்காது, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், கிளைம் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். விரும்பிக் கேட்டால் உள்ளூர் மொழியிலும் கொடுக்க வேண்டும். நல்ல விதி, வரவேற்கிறேன். ஆனால் தாளும் பாலிசியும் முரண்பட்டால் பாலிசியே செல்லும் என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறது. புரிகிற காகிதத்துக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள காகிதம் புரிவதில்லை. இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டமே நேர்மையானது.

புரிதல் என்பது எளிய சொல்லோடு முடிவதுமில்லை. ‘அறை வாடகை, நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்’ என்ற வரியில் கடினமான சொல் எதுவும் இல்லை. 5 லட்ச ரூபாய் பாலிசிக்கு அது 5,000 ரூபாய். வேலூரில் ஆஸ்பத்திரியில் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் நாளுக்கு 3,000 ரூபாய்தான் கைப்பணம் என்று நினைப்போம். ஆனால் இத்தகைய பல பாலிசிகளில் டாக்டர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் அதே விகிதத்தில் (8,000-க்கு 5,000) வெட்டப்படும். அவை 80,000 ரூபாய் என்றால் 50,000-தான் வரும். மருந்துக்கு இந்த வெட்டு இல்லை. இந்தக் கணக்கை அசை எண்ணும் சூத்திரம் கண்டுபிடிக்காது, தலைப்புகளை நிரப்பிய தகவல் தாளும் சொல்லிவிடாது. ரூபாய்க் கணக்கில் ஓர் உதாரணம் போட்டால்தான் விளங்கும். அந்த உதாரணத்தைப் பாலிசிக்குள்ளேயே, கேட்பவரின் மொழியில் எழுதுவதை ஆணையம் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் முன் தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். அறை வாடகைக் கணக்கை ஏஜெண்டிடம் எழுதி வாங்குங்கள். பிடிக்காவிட்டால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.