தையலார் கையில் ஊசி

தமிழில் 'தையல்' என்னும் ஒரே சொல் பெண்ணையும் குறிக்கும். துணியோடு துணி இணைக்கும் தொழிலையும் குறிக்கும். சொல்லில் இத்தனை நெருக்கம் இருந்தும், நம் திருநெல்வேலிச் சீமையில் ஊசி நெடுங்காலம் ஆண்களின் கையிலேயே இருந்தது. இப்பகுதியில் பாணர் குலத்தார் தையற்காரர்களாய் இருந்ததை, 1909இல் வெளிவந்த தம் தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் குறித்துள்ளார். பெண்கள் உடுத்தியதோ தைக்காத சேலை. கிழிசலை ஒட்டுப்போடுவதோடு வீட்டுப் பெண்ணின் ஊசிவேலை முடிந்துவிடும். கூலி தரும் கருவியாக ஊசி பெண்ணின் கைக்கு மாறியது கடந்த இருநூறு ஆண்டுகளில்தான். அந்த வரலாறு தாமிரபரணிக் கரையில் தொடங்கவில்லை. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, அன்று திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த நாகர்கோவிலில் தொடங்குகிறது.

இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், 1819ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்தார். அவருடைய துணைவியார் மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். 1820களில் அவர்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கெட்டியான திண்டின் மேல் வரைபடத்தை விரித்து, அதன் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. கண்ணுக்கும் பொறுமைக்கும் கடுமையான சோதனை. விரற்கடை நீளம் பின்னுவதற்கே நாழிகைகள் கழியும். ஆனால் ஐரோப்பியச் சீமாட்டிகளிடம் அதற்கு நல்ல விலை இருந்தது. அப்பள்ளியில் அடிமைக் குடும்பத்துச் சிறுமியரும் இருந்தனர். லேஸ் பின்னிப் பெற்ற காசைச் சேர்த்து அவர்களுள் சிலர் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று அம்மிஷனின் குறிப்புகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை அரச ஆணையால் முற்றிலும் ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதை நினைத்தால், அந்தக் காசின் கனம் விளங்கும். ஒரு பெண் தன் விரல்களால் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தன்னையே மீட்டுக்கொண்ட செய்தி, நம் வரலாற்று நூல்களில் இன்னும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டிய ஒன்று.

அதே மண்ணில் அதே காலத்தில் நடந்ததுதான் தோள்சீலைப் போராட்டமும். மார்பை மறைக்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்த பெண்களுக்காக மீட் அம்மையார் ஒரு தளர்ந்த குப்பாயத்தை வடிவமைத்தார். தைத்த ஆடை ஒன்றுக்காக ஊர்கள் எரிந்தன. 1859 ஜூலை 26ஆம் நாள் மன்னர் விடுத்த அறிக்கை, நாடார் குலப் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம், அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்குலப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது என்றது. கடலோரத்து முக்குவ மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பது வாசகர்கள் அறிந்ததே. அவர்களுடைய உடுப்பு ஓர் அரச ஆணையில் அளவுகோலாய் நின்றதை நம்மவர் அவ்வளவாகப் பேசுவதில்லை.

லேஸ் திண்டு கணவாயைக் கடந்து திருநெல்வேலிப் பக்கம் வந்தது ஒரு திருமணத்தால். மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். கணவரின் புகழ் உலகறிந்தது. மனைவியின் பணியை அறிந்தோர் குறைவு. எலைசா அம்மையார் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். தாயிடம் கற்ற லேஸ் பின்னலைச் செம்மண் தேரி சூழ்ந்த அவ்வூரில் பரப்பினார். பதநீர்க் காலம் முடிந்தால் பனையேறிக் குடும்பத்தின் வருவாயும் அற்றுவிடும் நாட்டில், பெண்ணின் கைக்கு ஒரு தொழில் வந்தது. இடையன்குடி லேஸ் என்று அதற்குப் பெயரும் நிலைத்தது.

நம் திருச்சபையின் பங்கும் இதில் சிறிதன்று. 1897 நவம்பரில், பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகர் மடத்திலிருந்து அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்டர் முளகுமூட்டில் வந்து இறங்கினார். ஈப்பர் லேசுக்குப் பேர்போன ஊர். அனாதைச் சிறுமியரைப் பேண வந்த அவர், அவர்களுக்குப் பின்னலும் பூத்தையலும் கற்பித்தார். பின்னாளில் ஐ.சி.எம். சபை என அறியப்பட்ட துறவற சபை அங்கேதான் வேரூன்றியது. திருத்தூதர் பணிகள் நூலில் வரும் தபித்தா கைம்பெண்களுக்கு ஆடை தைத்துக் கொடுத்தார். முளகுமூட்டிலும் இடையன்குடியிலும் ஆதரவற்றவளின் கையிலேயே ஊசி கொடுக்கப்பட்டது. இரண்டும் அன்பின் செயலே. எனினும் இரண்டாவதில் கூலி என்னும் கேள்வி உடனே எழுந்துவிடுகிறது.

லேஸ் பின்னிய பெண் தன் பொருளை வாங்குபவரை ஒரு நாளும் கண்டதில்லை. நூலும் வரைபடமும் மிஷன் வீட்டிலிருந்து வந்தன; பின்னியது அங்கேயே திரும்பியது; கடல் கடந்து விற்றது அம்மையாரின் கடிதத் தொடர்புகளால். அந்த ஏற்பாடு இல்லையேல் ஏழைப் பெண்ணுக்கு அன்று சந்தையே இல்லை என்பது உண்மை. அம்மையார்கள் தாயகம் திரும்பி, மேனாட்டில் எந்திர லேஸ் பெருகியபோது, கையிலிருந்த தொழிலுக்கு வாங்குவோர் அருகினர் என்பதும் உண்மை. தையலைக் கற்றுக்கொடுத்தோர் பலர். விற்கக் கற்றுக்கொடுத்தோர் சிலரே. பின்வந்த நூறாண்டுகளிலும் இக்குறை நம்மைத் தொடர்ந்தே வந்திருக்கிறது.

தையல் எந்திரம் வந்தபின் ஊருக்கு ஊர் வகுப்புகள் தோன்றின. கன்னியர் மடங்களிலும் பங்குகளிலும் ஆறு மாதம், ஓராண்டு எனப் பயிற்சி. முடிவில் ஒரு சான்றிதழ். அரசும் கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் எந்திரம் வழங்கிவந்தது. மேடையில் எந்திரம் கைமாறும் படம் நாளிதழில் வரும். அதற்குப் பிறகுதான் கணக்குத் தொடங்குகிறது. தெருவில் ஏற்கெனவே நால்வர் தைக்கிறார்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் இரவெல்லாம் விளக்கு எரியும். ஜூனில் பள்ளிச் சீருடை வரும். மற்ற மாதங்களில் கிழிசலும் 'ஓரம் அடித்தலும்' மட்டுமே. நூல், கொக்கி, உள்துணி எல்லாம் தைப்பவள் செலவு. வாங்கிப் போகிறவளோ சித்தி, மதினி, அண்டை வீட்டு அக்காள். காசை எப்படிக் கறாராய்க் கேட்பது? எந்திரம் மூலையில் துணி மூடிக் கிடப்பதைச் சோம்பல் என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வேறொரு தொழிலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் எங்கும் பெண்களின் மடியில் பீடித்தட்டு இருக்கிறது. உடலுக்குக் கேடு விளைக்கும் வேலை அது, அதைப் புகழ்வதற்கில்லை. ஆயினும் 1966இல் பீடித் தொழிலாளர்க்கென ஒரு சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுவோரும் வருங்கால வைப்பு நிதிக்கு உரியவர்களே என்று உச்சநீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. வீட்டில் அமர்ந்து தைப்பவளுக்கு அத்தகைய முதலாளி யார்? நல வாரியம் ஒன்று உண்டு. அதில் பதிவு செய்தால் சில உதவிகள் கிடைக்கும். அவ்வளவே. உழைப்பவர் தகுந்த கூலிக்கு உரியவர் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் எழுதியபோது ஆலைத் தொழிலாளரே கண்முன் இருந்தனர். வீட்டுத் திண்ணையில் உருப்படிக் கணக்கில் தைப்பவள் அந்த வெளிச்சத்துக்குள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

சந்தையைச் சேர்த்துத் தந்த முயற்சிகளும் இல்லாமல் இல்லை. சத்துணவு உண்ணும் மாணவர்க்கு 1985 முதல் இலவசச் சீருடை வழங்கப்பட்டபோது, அதைத் தைக்கும் வேலை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போனது. வெட்டிய துணி வரும்; தைத்துக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு. கூலி சிறிதாயினும், வேலை நிச்சயம். சங்கத்தில் பெண் உறுப்பினர். 1989இல் தருமபுரியில் முளைத்து 1997இல் மகளிர் திட்டமாய் மாநிலமெங்கும் பரவிய சுய உதவிக் குழுக்கள், கந்துவட்டிக்காரனிடம் போகாமல் எந்திரம் வாங்கவும் மொத்தமாய்த் துணி எடுக்கவும் வழி செய்தன. பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த புதியம்புத்தூர், 'குட்டித் திருப்பூர்' என்னுமளவுக்கு ஆயத்த ஆடைகளால் வளர்ந்தது. அங்கும் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள் வீட்டிலிருந்தே உருப்படிக் கூலிக்குத் தைக்கிறார்கள். மூன்றாண்டு விடுதி வாழ்வுக்கு இறுதியில் ஒரு தொகை என்று சொல்லி, 'சுமங்கலி' என்ற மங்கலப் பெயரில் நம் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளை மேற்குப் பகுதி நூற்பாலைகளுக்கு அழைத்துப்போன கொடுமையை நினைக்கும்போது, மாலையில் தன் வீட்டில் தன் பிள்ளையோடு இருக்க விடும் வேலையின் அருமை தெரிகிறது.

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம். பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் 'ஆரி' வேலை கற்கும் இளம்பெண்கள் பெருகியிருக்கிறார்கள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி முனையுள்ள ஊசியால் மணியும் சம்கியும் சேர்த்துப் பூவேலை செய்வது அது. முகூர்த்த ரவிக்கை ஒன்றின் வேலைக்குப் பல நாட்கள் ஆகும். மணப்பெண் நேரில் வருகிறாள், கைப்பேசியில் படம் காட்டுகிறாள், மாதிரி பார்க்கிறாள், எத்தனை நாள், எவ்வளவு மணி, என்ன கூலி என்று இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். முன்பணம் வாங்கிய பிறகே சட்டத்தில் துணி ஏறுகிறது.