ஜொகூரில் எரிந்த விறகு

ரப்பர் வருவதற்கு வெகு காலம் முன்பே ஜொகூர் காடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 1840-களில் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிமிடம் ஆற்றுப் பத்திரம் வாங்கிய காங்சு எனும் சீனத் தலைவர்கள், கரையோரக் காட்டைத் திருத்தி மிளகும் கம்பிரும் பயிரிட்டார்கள். கம்பிர் இலையைப் பெரிய இரும்புக் கடாயில் வேகவைத்து, சாற்றைக் குழம்பாகச் சுண்டவைத்து, ஆறியதும் துண்டு போட வேண்டும். தோல் பதனிடவும் சாயமேற்றவும் அது கப்பலேறியது. வெந்த சக்கை மிளகுக் கொடிக்கு எரு.

விறகைத் தின்றது சுண்டக் காய்ச்சும் வேலைதான். 30 பாகையில் உள்ள ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 290 கிலோஜூல் போதும். கொதித்த நீர் முழுதும் ஆவியாக மேற்கொண்டு 2,257 கிலோஜூல் வேண்டும். அத்தனையையும் வாங்கிக்கொண்டு, சூடு மட்டும் ஒரு பாகைகூட ஏறாது! ஜோசப் பிளாக் 1760-களில் கிளாஸ்கோவில் பாடம் நடத்திய உள்ளுறை வெப்பம் இது. விறகு சுமந்த சீனக் கூலியின் தோளுக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டிருக்காது. சுற்றுக்காடு தீர்ந்து மண்ணும் சத்திழந்தால் தோட்டம் வேறிடம் போகும்.

1917-இல் காங்சு முறை ஒழிக்கப்பட்டபோது ரப்பர் காலூன்றிவிட்டது. குளுவாங், கூலாய், சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் பால் வெட்டினார்கள். மங்கு எனும் கிண்ணத்தில் சொட்டும் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மற்றது பெரும்பாலும் தண்ணீர். ஸ்டோர் எனும் தோட்டத் தொழிற்கூடத்தில் அமிலம் விட்டு உறையவைத்து, உருளைகளுக்கிடையே கொடுத்துப் பிழிந்தால் பெருமளவு நீர் நெருப்பில்லாமலே வெளியேறிவிடும். விறகை மிச்சப்படுத்தியது அந்த உருளைதான்.

மிஞ்சிய ஈரத்துக்குத்தான் புகை வீடு. கோடு விழுந்த ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, முதிர்ந்த ரப்பர் மரத்தையே விறகாக்கி, 60 பாகைக்குள் சில நாள் வாட்டுவார்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உள்ளே ஆவி கட்டிக் கொப்புளம் விடும். தரம் பார்ப்பவர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவினால் சரக்கு காய்ந்தது. வெள்ளைத் திட்டு தெரிந்தால் திரும்பவும் புகைக்குப் போக வேண்டியதுதான். தீ பயமும் உண்டு. எரியும் ரப்பர், அதே எடை விறகைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் கக்கும்.

1965-இல் தர நிர்ணயத்தோடு கட்டி ரப்பர் வந்தது. பாலை உறையவைத்துப் பொடித்துணுக்காக்கி, 100 பாகையை ஒட்டிய வெப்பக்காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்தினார்கள். அதற்குள் பல தோட்டங்களில் செம்பனை நுழையத் தொடங்கியிருந்தது.

செம்பனை ஆலையில் கணக்கு தலைகீழ். அழுத்தமேற்றிய நீராவி பழக்குலையில் பட்டுத் தண்ணீராகும்போது, தான் வாங்கிய உள்ளுறை வெப்பத்தைப் பழத்துக்குக் கொடுத்துவிடுகிறது. எண்ணெயைக் கெடுக்கும் நொதி அதில் செயலிழக்கிறது. அந்த நீராவிக்காகக் கொதிகலனில் எரிவது பிழிந்த பழத்தின் நாரும் கொட்டை ஓடும்.