தொடங்காத மடிக்கணினி: உடையார்பாளையம் வட்டாரத்தில் ஒரு பழுதின் வரலாறு

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில் மடிக்கணினி சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது 2011ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். நெசவும் முந்திரியும் மானாவாரி வேளாண்மையுமாக வாழ்ந்த குடும்பங்களுக்கு அதை வாங்கும் வசதி அரிது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்கியது. 2019-20 வரை மாநிலம் முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை கொடுக்கப்பட்டன. கருவி வந்த சில ஆண்டுகளில் அதன் பழுதும் வந்தது.

பழுதுபார்க்கும் முறை அதற்கு முன்பே உருவாகியிருந்தது. சிற்றூர்க் கடைவீதிகளில் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும், பிறகு தொலைக்காட்சியும் கைபேசியும் பிரிக்கப்பட்ட அதே மேசைகளுக்கு மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் புதியவை அல்ல. உதிரிபாகச் சந்தையும் பழையதே. ரேடியோ பாகங்களுக்குப் பேர்பெற்ற சென்னை ரிச்சி தெரு, பின்னாளில் கணினிப் பாகங்களுக்கும் தலைமைச் சந்தையானது. ரேடியோக் காலத்து ஒழுங்கு ஒன்றும் கூடவே வந்தது: முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பது, அடுத்துக் கழற்றி மாட்டக்கூடிய பாகங்களைப் பார்ப்பது, கடைசியாகத்தான் போர்டில் கைவைப்பது. செலவு குறைந்த சோதனை முன்னால் நிற்கும் வரிசை இது.

தொடங்காத மடிக்கணினியைக் கடைக்காரர்கள் இரண்டு பெயர்களில் பிரிப்பார்கள். விளக்கே எரியாவிட்டால் ‘நோ பவர்’. விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரை மட்டும் இருண்டிருந்தால் ‘நோ டிஸ்பிளே’.

முதல் வகைக்கு இந்த வட்டாரத்தில் இரண்டு காரணங்கள் கூடுதலாகச் சேர்ந்தன. ஒன்று மின்வெட்டு. 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்கு 10 மணி நேரத்தையும் தாண்டி மின்சாரம் நின்றது. நின்று நின்று வரும் மின்சாரமும் ஏறியிறங்கும் அழுத்தமும் சார்ஜரைப் பதம்பார்க்கும். மற்றொன்று, படிப்பு முடிந்ததும் மடிக்கணினி பீரோவுக்குள் போய்விடும் வழக்கம். 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம் எடை குறைந்தது, ஆனால் வெறுமையாகக் கிடப்பதைத் தாங்காது. மாதக்கணக்கில் மின்னேற்றாமல் வைத்தால் அதன் மின்னழுத்தம் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று மின்னேற்றத்தை ஏற்க மறுத்துவிடும். ஆகவே முதல் சோதனை எளிது. சார்ஜரின் முனையில் 19 வோல்ட் அளவில் மின்னழுத்தம் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். வந்தால், பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, போர்டில் தேங்கிய மின்னூட்டத்தை வடிப்பார்கள். அதன்பின் சார்ஜரை மட்டும் செருகும்போது கணினி உயிர்பெற்றால் குற்றவாளி பெரும்பாலும் பேட்டரிதான்.

இரண்டாம் வகையைக் கண்டறியும் வழி 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட தனிநபர் கணினியிலிருந்து வருகிறது. மின்சாரம் பாய்ந்ததும் நினைவகத்தையும் திரைச்சுற்றையும் தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் சரி என்றால் ஒருமுறை ‘பீப்’ ஒலிக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. பின்வந்த நிறுவனங்கள் ஒலியின் எண்ணிக்கையைத் தத்தம் விருப்பப்படி மாற்றினாலும், கணினியைத் தொடக்கும் பயாஸ் நிரல் செய்யும் தற்சோதனை நிலைத்துவிட்டது. ஒலி நினைவகத்தை, அதாவது ரேமைச் சுட்டினால், அதைக் கழற்றி, தங்கப்பூச்சுள்ள விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து மீண்டும் செருகுவது கடைகளில் வேரூன்றிய வைத்தியம். விளிம்பில் படிந்த அழுக்கும் ஈரக்கசிவும் நீங்கினால் தொடர்பு மீளும். அரியலூரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் லாரிப் புழுதியும் உள்ளதால், விசிறியைத் தூசு தட்டுவதும் கூடவே நடக்கும்.

திரை ஒளிர்ந்தும் விண்டோஸ் ஏறாவிட்டால் சந்தேகம் ஹார்ட் டிஸ்க்கின்மேல் விழும். ‘டக் டக்’ என்ற சத்தம் கேட்டால் வட்டின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. மலிவானபின், அதை மாற்றிப் பொருத்துவதே பழைய கணினிக்கு வழக்கமான மறுவாழ்வாயிற்று.

இவற்றில் எதுவும் பலிக்காதபோது மிஞ்சுவது, போர்டில் உள்ள சில்லுகளையே கழற்றி மாற்றும் ‘சிப் லெவல் சர்வீஸ்’. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபின் உலகெங்கும் ஈயமற்ற பற்றாசு பரவியது. அது உருக அதிக வெப்பம் தேவை. அதனால் சில்லைக் கழற்ற வெப்பக்காற்றுக் கருவியும் தேர்ந்த கையும் வேண்டியதாயிற்று. சிற்றூர்க் கடைகள் இத்தகைய வேலையைப் பெருநகரங்களுக்கு அனுப்பிவைத்தன.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது, பீரோவில் கிடந்த கணினிகளுக்கு மீண்டும் தேவை எழுந்தது. அந்தச் சமயத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டமும் நின்றுபோனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. மீட்க முடியாதவற்றுக்கும் சட்டம் வந்துவிட்டது: 2012 மே முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பயன்முடிந்த கருவிகளைச் சேகரிக்கும் பொறுப்பை அவற்றைத் தயாரித்தவர்கள்மேல் வைத்தன.