ஒப்புரவு

பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் கத்தோலிக்கச் சடங்குக்குத் தமிழில் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. போர்த்துக்கீசியர் பழவேற்காட்டில் கால்பதித்த 16-ஆம் நூற்றாண்டில் அது கடன்சொல்தான். 1580-இல் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் கொச்சியில் அச்சிட்ட 'கொம்பெசியொனாயரு' நூலின் பெயரே சான்று. பிறகு வந்தது 'பாவசங்கீர்த்தனம்'. சங்கீர்த்தனம் என்றால் எடுத்துரைத்தல். இன்று வழிபாட்டு நூல்களில் நிற்பது 'ஒப்புரவு'. 'ஒப்பு' என்ற அடியிலிருந்து கிளைத்த சொல்.

இந்த மாற்றம் வெறும் வடமொழி நீக்கம் அல்ல என்பேன். பழைய பெயர் சொல்வதைச் சுட்டுகிறது, புதிய பெயர் மறுபடி இணைவதை. குற்றவுணர்வு வாய்விட்டுச் சொன்னால் இறங்கும், வெட்கம் இறங்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர் சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தால், செய்தது தப்பு என்பது ஒரு பாரம், வீட்டுப்படி ஏற முகமில்லை என்பது வேறொரு பாரம். இரண்டாவதற்கு, மறுபடி சேர்த்துக்கொள்ளும் ஆட்கள் வேண்டும். விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையில் தகப்பன் மன்னிப்பதோடு நிற்காமல் விருந்தும் வைக்கிறார். குறளின் ஒப்புரவு ஊருக்கு உதவும் பண்புதானே, மன்னிப்பு எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கும் ஒருவர் ஊரோடு எப்படி இணைந்து வாழ்கிறார் என்பதே பேச்சு. இந்தச் சடங்கு சுலபமான தப்பித்தல் என்பாரும் உண்டு; திருடியதைத் திருப்பித் தரச் சொல்கிறது திருச்சபை, விவிலியத்தில் வரும் வரிவசூலிப்பவன் சகேயுவோ நான்கு மடங்கு தர முன்வந்தான். பெயர் மாறினாலும் பெரியவர்கள் பேச்சில் இன்றும் வருவது பாவசங்கீர்த்தனம்தான்.