மாளிகைமேட்டு மண்ணும் ஆழம் தேடும் கருவிகளும்

ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியது சுமார் 1025-இல். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் ஆட்சிக்கு இருப்பிடமாக இருந்த அந்நகரின் எச்சங்கள், மீன்சுருட்டிக்கு அருகே உட்கோட்டை, மாளிகைமேடு முதலிய இடங்களில் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. இப்படிப்பட்ட நிலத்தில் புதையல் பேச்சு ஓய்வதில்லை. ஆழம் தேடும் மெட்டல் டிடெக்டர்கள் கடையிலும் இணையத்திலும் விலைக்குக் கிடைக்கும் இக்காலத்தில், எந்தக் கருவி எத்தனை அடி ஆழம் காட்டும் என்பதே பலரின் முதல் கேள்வி. அக்கருவிகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்தால், ஆழத்தைக் கூட்டும்போதெல்லாம் கிடைத்தது இன்னதென்று சொல்லும் திறனைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தே வந்திருக்கிறார்கள் என்பது புலப்படும்.

தொடக்கம் ஒரு மருத்துவ அவசரம். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டல் சமநிலைக் கருவியொன்றைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும், மருத்துவர் உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தேடாத உலோகம் குறுக்கே வந்து நிற்கும் இந்தச் சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை.

கெர்ஹார்டு ஃபிஷர் 1937-இல் காப்புரிமை பெற்ற மெட்டலோஸ்கோப் இரண்டு பெட்டிகளாலானது. ஒன்று அலையை அனுப்பும், மற்றது வாங்கும். இன்று ஆழம் தேடும் கருவிகளென்று விற்கப்படும் இரட்டைப் பெட்டி வகைக்கு அதுவே மூதாதை. இரண்டாம் உலகப்போரில் போலந்துப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடிக் கருவி 1942-இல் எல் அலமெய்ன் போர்முனையில் பயன்பட்டது. போருக்குப் பின் படையில் மிஞ்சிய கருவிகள் பொழுதுபோக்குத் தேடலுக்கு வந்தன. 1960-களில் துடிப்புத் தூண்டல் முறை வளர்ந்தது. கணநேர மின்துடிப்பை மண்ணுக்குள் அனுப்பிவிட்டு, உலோகத்தில் எழும் மின்னோட்டம் எப்படித் தேய்கிறது என்று கேட்பது அம்முறை.

இயற்பியல் இங்கே கறாரானது. சுருளிலிருந்து தொலைவாகச் செல்லச் செல்ல, சிறு பொருள் திருப்பித்தரும் சைகை தொலைவின் ஆறாம் அடுக்கில் தேயும். ஆழம் இரு மடங்கானால் சைகை 64-இல் ஒரு பங்காகும். அதனால்தான் சாதாரணக் கருவிக்கு ஒற்றைக் காசு ஓரடி ஆழத்துக்குள் இருந்தாக வேண்டியிருக்கிறது. இரட்டைப் பெட்டிக் கருவியும் பெரிய சட்டச் சுருளும் ஒரு மீட்டருக்குக் கீழே செல்லும். ஆனால் அவை குடமோ பெரிய சிலையோ போன்ற பருமனான பொருளுக்கே பதில் சொல்லும், காசைக் காணா. கிடைத்தது ஐம்பொன்னா, துருப்பிடித்த இரும்பா என்பதையும் நம்பிச் சொல்ல அவற்றால் இயலாது. துடிப்புத் தூண்டல் இரும்பேறிய செம்மண்ணின் குழப்பத்தை ஓரளவு தாங்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுந்தொலைவிலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று விற்கப்படும் கம்பிக் கருவிகள் வெறும் ஏமாற்று. அதே பாணியில் வெடிகுண்டு காட்டுவதாக ஏடிஇ 651 என்ற பொய்க்கருவியை விற்றவருக்கு 2013-இல் பிரிட்டனில் 10 ஆண்டுச் சிறை கிடைத்தது.

மாளிகைமேட்டில் 1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பல கட்டமாக நடத்திய அகழாய்வுகளில் வெளிவந்தவற்றை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் ஓடுகள். அரண்மனையின் உயரத்தையும் கடல்வணிகத்தின் நீளத்தையும் சொல்லும் சான்றுகளில் ஆணிகளை மட்டுமே உலோகக் கருவி உணரும். புதையல் தேடுபவர் அவற்றைக் குப்பையென்று எறிவார். சுட்ட செங்கல் சூளையில் ஆறும்போது புவியின் காந்தத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே காந்தமானி சுவரைக் காணும், பொன்னையும் செம்பையும் காணாது. தரை ஊடுருவும் ராடாரும் சுவரைக் காட்டும், ஈரக் களிமண்ணில் மட்டும் தடுமாறும். ஆய்வாளருக்கு இவ்விரண்டுமே மேலானவை என்பது என் முடிவு.

ஆயினும் இத்தகைய கருவிகள் காட்டுவதையும் மிகைப்படுத்தலாகாது. 2013-இல் உத்தரப் பிரதேசம் தௌண்டியா கேராவில், சாமியார் ஒருவரின் கனவையும் புவியியல் ஆய்வு மையத்தின் கருவி ஆய்வறிக்கையையும் அடுத்து மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. சொல்லப்பட்ட ஆயிரம் டன் தங்கத்தில் ஒரு குன்றிமணியும் கிடைக்கவில்லை.

தமிழகத்தின் பெரும் கண்டெடுப்புகள் பலவும் கருவியால் அல்ல, வேறு வேலைக்குத் தோண்டும்போது தற்செயலாகக் கிடைத்தவை. 1976-இல் பத்தூரில் வெளிப்பட்ட நடராஜர், 2020-இல் திருவானைக்காவலில் 505 பொற்காசுகள், 2023-இல் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலின் சிலைகளும் தேவாரச் செப்பேடுகளும் அத்தகையவை. பத்தூர் நடராஜர் லண்டனுக்குக் கடத்தப்பட்டு, வழக்குக்குப் பின் 1991-இல் திரும்பினார். அந்த வழக்கில் சிலைமேல் ஒட்டியிருந்த மண்ணும் வல்லுநர்களால் ஆராயப்பட்டது. கண்டெடுத்தவுடன் கழுவித் துடைக்கும் பழக்கம் இந்தச் சான்றையே அழித்துவிடுகிறது. மாளிகைமேடு இருக்கும் உடையார்பாளையம் வட்டாரத்திலேயே சுத்தமல்லி, ஸ்ரீபுரந்தான் கோயில்களின் சிலைகள் களவுபோனதை நாம் கண்டிருக்கிறோம். ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2014-இல் ஆஸ்திரேலியா திருப்பித் தந்தது.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் 10 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் புதையலையும் ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. மறைத்தால் ஓராண்டுவரை சிறை உண்டு. உரிமையாளர் இல்லையென்று முடிவானால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நில உரிமையாளருக்குக் கால் பங்கும் அது ஒதுக்குகிறது. அரசு உரிய விலை தந்து எடுத்துக்கொள்ளவும் வழி செய்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது தனிக் குற்றம்.

மீன்சுருட்டிப் பக்கத்து உழவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கொழுமுனையில் உலோகமோ பழஞ்செங்கல்லோ தட்டுப்பட்டால் மேற்கொண்டு தோண்டாதீர்கள், கழுவாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லி, தொல்லியல் துறையினர் வரும்வரை அந்த மண்ணை அப்படியே விட்டுவையுங்கள்.