சுறா எண்ணெயும் சூரிய ஒளியும்

1940ஆம் ஆண்டில் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றவே, நம் நாட்டுக் குழந்தைகள் முகம் சுளித்து விழுங்கிய காட் மீன் எண்ணெயின் வரத்துத் தடைப்பட்டது. அதற்கு ஈடாகப் போர்க்காலத்தில் திருவனந்தபுரத்தில் சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கலாயினர். கண்ணைக் காக்கும் ஏ உயிர்ச்சத்து அதில் மிகுதி. எலும்பை உரப்படுத்தும் டி உயிர்ச்சத்தோ சொற்பமே. வெயிலில் ஓடியாடிய சிறுவர்க்கு அதனைப் பெரும்பாலும் தோலே ஆக்கியளித்தது. இன்று அயல் மாநிலங்களில் அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் பிள்ளைகள் பலர் வெயிலையே அறியார். உடல் பருத்தவர்க்கோ இடர் இரட்டிப்பு. கொழுகொழுவென்ற பிள்ளைக்கு ஊட்டக் குறைவென்றால் பாட்டிமார் நம்புவரோ? கொழுப்பில் கரையும் இச்சத்து அங்கேயே தங்கிவிட, இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. ஆதலின் குறை கண்டவிடத்து மருத்துவர்கள் அவர்களுக்கு மற்றவர்க்குரியதைப்போல் இருமடங்கோ மும்மடங்கோ அளிப்பர்.