யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்கள் (1990–1996)

1990ஆம் ஆண்டுமுதல் 1996 வரை, இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெட்ரோலும் டீசலும் மிக அரிதாகவே கிடைத்தன. மீன்பிடிப் படகுகள், மோட்டார் சைக்கிள்கள், நீர் இறைக்கும் இயந்திரங்கள் ஆகியவை பெரும்பாலும் மண்ணெண்ணெயைக் கொண்டே ஓடின. இந்த மாற்று எரிபொருளால் ஏற்பட்ட கோளாறுகளைச் சமாளிக்கும் திறமை அன்றைய மெக்கானிக்குகளுக்கும் மீனவர்களுக்கும் இன்றியமையாததாயிற்று. கிளாலிக் கடல்நீரேரியில் அது பயணிகளின் உயிரைக் காக்கும் திறமையாகவும் இருந்தது.

பின்னணி

1990 ஜூன் மாதத்தில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் தொடங்கியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பெட்ரோல், டீசல், பேட்டரி, சிமெண்ட், உரம் முதலிய பல பொருள்களைக் கொண்டுசெல்ல அரசு தடை விதித்தது. குடாநாட்டில் மின்சாரமும் நின்றுபோனது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாடான அளவில் வந்தது; அதன் விலையும் மிக அதிகமாக இருந்தது. வீட்டு விளக்கு, தோட்டக் கிணற்றின் பம்பு, கடலுக்குப் போகும் படகு எல்லாமே அந்த ஒரே எரிபொருளை நம்பியிருந்தன.

மண்ணெண்ணெய் ஏன் தொல்லை தருகிறது?

பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே எளிதில் ஆவியாகும். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலும் தீப்பற்றக்கூடிய ஆவி அதிலிருந்து எழும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 டிகிரிக்கு மேல் வெப்பம் தேவை. எனவே குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளிகளாகவே தங்கிவிடும்; ஸ்பார்க் பிளக்கில் பொறி வந்தாலும் இயந்திரம் கிளம்பாது.

இதற்கான வழி, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மண்ணெண்ணெய்க்கென்றே தயாரிக்கப்படும் வெளிப்பொருத்து இயந்திரங்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன. சிறிதளவு பெட்ரோலில் சூடேற்றிய பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள்; நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றுவார்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்தமுறை கிளப்புவது கடினமாகிவிடும். யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சில துளிப் பெட்ரோலை விட்டு வண்டியைக் கிளப்பினர். சிறிய புட்டியில் பெட்ரோலைச் சேமித்து, மருந்துபோல் அளந்து பயன்படுத்தினர்.

கிளம்பிய பிறகும் தொல்லை தீர்வதில்லை. மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காமல் முன்கூட்டியே வெடிப்பதால் இயந்திரத்தில் தட்டொலி எழும், திறன் குறையும். முழுமையாக எரியாத பகுதி பிளக்கில் கரியாகப் படியும். நான்கு வீச்சு இயந்திரங்களில் அது பிஸ்டனைக் கடந்து இறங்கி, மசகு எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும்.

கோளாறைக் கண்டறிதல்

இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். அது உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. தொட்டி மூடியின் காற்றுத்துளை, குழாய், வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஈரமாக இருந்தால் எரிபொருள் வந்தும் எரியவில்லை. பொறியையோ வெப்பத்தையோ கவனிக்க வேண்டும். கரி படிந்திருந்தால் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். எரிபொருளில் தண்ணீர் கலந்துள்ளதா என்பதை அறிய, அதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் போதும். தண்ணீர் கனமானதால் அடியில் தனியாகத் தங்கும். உப்புநீர் தெறிக்கும் படகுகளில் இது அடிக்கடி நேரும் கோளாறு.

கிளாலிப் பாதை

ஆனையிறவு வழியாகச் செல்லும் சாலை மூடப்பட்டிருந்தது. 1991இன் பிற்பகுதியில் பூநகரியில் இராணுவ முகாம் அமைந்ததும் சங்குப்பிட்டிப் படகுத்துறை வழியும் அடைபட்டது. குடாநாட்டின் தென்கரையிலுள்ள கிளாலியிலிருந்து கடல்நீரேரியைக் கடப்பதே பொதுமக்களுக்கு எஞ்சிய முக்கிய வழியாயிற்று. நோயாளிகள், மாணவர்கள், வியாபாரிகள் எனப் பலரும் இரவில் விளக்கில்லாமல் பயணம் செய்தனர். இயந்திரம் பொருத்திய ஒரு படகு, இயந்திரமில்லாத பல படகுகளைக் கயிற்றில் கட்டி இழுத்துச் சென்றது. ஆகவே ஒரே இயந்திரம் நின்றால் வரிசை முழுவதும் நடுநீரில் நிற்க நேரிடும்.

அரசு அந்நீரேரியைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவித்திருந்தது. கடற்படை அங்கு சுற்றுக்காவல் செய்தது. 1993 ஜனவரி 2ஆம் நாள் பயணிகள் படகுகள் தாக்கப்பட்டுப் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். அத்தகைய நீர்ப்பரப்பில் பிளக்கில் படிந்த கரியும் குழாயில் புகுந்த தண்ணீரும் சிறு கோளாறுகளாகக் கருதத்தக்கவை அல்ல. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, பலர் இதே வழியாக வன்னிக்குச் சென்றனர். 1996 ஏப்ரலில் தென்மராட்சி இராணுவத்தின் வசமானதும் கிளாலிப் பயணம் முடிவுக்கு வந்தது.

பிற்காலம்

2002 ஏப்ரலில் ஏ9 சாலை திறக்கப்பட்டது. ஆயினும் சிறு படகுகளுக்கு மண்ணெண்ணெயே எரிபொருளாகத் தொடர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அது கிடைக்காமல் மீனவர்கள் தொழிலுக்குச் செல்ல முடியாது தவித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. 1990களில் தடையைச் சமாளிக்கக் கைகொடுத்த எரிபொருளே 2022இல் தட்டுப்பாடானது. தொட்டிக்கு ஒன்றுமே வராதபோது எந்த மெக்கானிக்கின் திறமைக்கும் வேலையில்லை.